நினைவுப் பொற்காசுகளும் நமது கடமையும்

சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டு ஏரியின் மிகைநீர் அருவியாய் வீழும் இடத்தை அடுத்துள்ளது கிளியூர். சில ஆண்டுகளுக்கு முன் அப்பக்கத்தில் எம் மாணவன் ஒருவன் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவன் பாட்டியாரின் கழுத்தில் பழம்பொற்காசொன்று காது வைத்துக் கோக்கப்பெற்றிருந்தது. ஒருபுறம் இராமபிரான் சீதையுடன் அரியணையில் வீற்றிருக்கும் பட்டாபிடேகக் கோலம், மறுபுறம் அனுமன். அஃது எவ்வாறு கிடைத்ததென வினவினோம். "மாமியார் கொடுத்தது, வாத்தியாரய்யா, அதற்கு முன் கதை தெரியாது" என்றார். பிறிதொரு நாள் வந்து படியெடுத்துக் கொள்வோம் எனக் கருதித் திரும்பினோம். மறு ஆண்டு சென்றபோது அக்காசு பேத்தியின் திருமணத்திற்காக மூசையில் உருகி வளையலாகியிருந்தது. பிழை அம்மூதாட்டியாருடையதன்று, உருக்கிய பொற்கொல்லருடையதுமன்று, கண்டும் காலந்தாழ்த்த எம்முடையதேயாம். நம் சங்கத்தாருள் பலர் பொன்னோடு நாளும் பழகுவோராகலின், அவ்விழப்பினின்று யாம் கற்றதை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அரசர் காசடித்தது பெரும்பாலும் கொடுக்கல் வாங்கலின் பொருட்டே. ஆயினும் நாடு வென்ற காலத்தும், வழித்தோன்றலை உலகறியச் செய்த காலத்தும், தெய்வத்தைப் போற்றிய காலத்தும் அதன் நினைவைக் காசிற் பொறிப்பது பல நாட்டு வழக்கம். இவையே நினைவுக் காசுகள். கல்வெட்டைப் போன்றே இவையும் சான்றுகள். ஆனால் ஒரு வேறுபாடுண்டு. கல்லை உருக்குவார் இலர். பொன்னை உருக்காதார் அரியர். இவை கிடைத்தற்கு அரியனவாய் நிற்பதற்கு இதுவே முதற்காரணம்.

முதற்கண் உரோமர் காசை நோக்குவோம். அகஸ்டஸ் பேரரசன் தன் மகள் வயிற்றுப் பேரராகிய கேயஸ், லூஷியஸ் என்னும் இருவரையும் மைந்தராக ஏற்று, தனக்குப்பின் ஆளுதற்குரியாரெனக் காட்ட, இருவர் உருவும் கேடயமும் வேலும் பொறித்துப் பொன்னிலும் வெள்ளியிலும் காசு வெளியிட்டான். கி.பி. 2-இல் இளையவனும், கி.பி. 4-இல் மூத்தவனும் மாண்டனர். அரசு அவர்க்கு வாய்த்திலது. அவர்தம் உருவம் பொறித்த வெள்ளிக் காசுகளோ கடல் கடந்து வந்து நம் கொங்கு நாட்டு மண்ணிற் புதைந்து கிடந்தன! பாட்டன் எண்ணியது நிறைவேறாதாயினும், எண்ணினான் என்பதற்குக் காசு சான்றாயிற்று.

1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 உரோமப் பொற்காசுகள் ஒருங்கே வெளிப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் அரசன் தலைமீது உளியால் வெட்டிய வடு உளது. அவை மீண்டும் நாணயமாய்ச் செல்லாதபடி இங்ஙனம் வெட்டினர் என்பது அறிஞர் சிலர் கருத்து. அவ்வளவையும் ஒருவர் உருக்கியிருப்பின் அவ்வடுவும் இல்லை. அதுபற்றிய ஆராய்ச்சியும் இல்லை.

நிற்க. நம் தமிழ் வேந்தர் காசுகளைக் காண்போம். முதலாம் இராசேந்திரன் வடநாட்டுப் படையெழுச்சியில் வென்று, கங்கைகொண்ட சோழன் எனப் பெயர் பூண்டான். அப்பெயர் பொறித்த காசுகளில் சோழர் புலியும், பாண்டியர் கயலும், சேரர் வில்லும் ஒருங்கே காணப்பெறும். மூவேந்தர் இலச்சினையும் ஒரு குடைக்கீழ் அமைந்த அச்சிறு காசு, நெடியதொரு மெய்க்கீர்த்தியின் பொருளைச் சுருங்கச் சொல்லுகின்றது. கோதாவரிக் கரையில் தவளேசுவரத்தில் அகப்பட்ட பொற்புதையலிலும் சோழர் காசுகள், கீழைச் சாளுக்கியர் காசுகளோடு கலந்து கிடைத்தன. ஈரரச குடியினரின் உறவை ஆராய்வார்க்கு இவ்விரண்டும் ஓரிடத்தே கிடைத்தமை பெருந்துணை. ஒவ்வொன்றும் தனித்தனி விலைபோயிருப்பின் அத்துணை கிட்டுமோ?

விசயநகரத்துக் கிருட்டிணதேவராயர் உதயகிரிக் கோட்டையை 1514-இல் வென்று, ஆங்கிருந்த பாலகிருட்டிணர் திருவுருவைத் தம் தலைநகர்க்குக் கொணர்ந்து கோயில் எடுத்தார். வெண்ணெய் ஏந்திய பாலகிருட்டிணர் உருவோடு அவர் வெளியிட்ட வராகன் அந்நிகழ்ச்சியின் நினைவே என்பர்.

இனி, யாம் இழந்த காசு எவ்வகையது? அதனை இராமடங்கம் என வழங்குவர். கடைத்தெருவில் மாற்றுதற்கன்றி, பூசைக்கும் காப்புக்குமென அமைந்தவை அவை. பிற்காலத்துப் போலிகளும் அவற்றுட் பலவுள. அவற்றிற் பலவற்றில் அரசன் பெயரோ ஆண்டோ இராது. ஆகவே எங்கிருந்தது, யார்வழி வந்தது, எடை என்ன என்னும் செய்திகளே அதன் காலத்தை ஆராய்தற்குக் கருவி. சேலம் நாடு 1792-இல் கும்பினியார் கைப்படும் வரை மைசூரார் ஆட்சியில் இருந்தது. அதற்குமுன் மதுரை நாயக்கர், விசயநகரத்தார் ஆணையும் ஈண்டுச் சென்றன. அக்காசு எவர் வழியாக இம்மலை ஏறிற்றோ, அக்கேள்விக்குரிய விடையும் மூசையிற் கரைந்துபோயிற்று.

பழங்காசு கைக்கு வரின், நம்மவர் செய்யத்தக்கன சில. புளியோ அமிலமோ இட்டுத் துலக்கற்க. துளையிடற்க, காது பற்றவைக்கற்க. நிறுத்து எடையைக் குறிக்க. மெல்லிய காகிதத்தை மேலிட்டுப் பென்சிலால் தேய்த்து இருபுறமும் படியெடுக்க. கொண்டுவந்தார் சொல்லும் ஊரையும் வரலாற்றையும் உடனே எழுதுக. உருக்கியே ஆகவேண்டுமெனில், இவற்றைச் செய்தபின்னர் உருக்குக.

மண்ணிற் கிடைத்த புதையலை மறைத்தல் குற்றம். 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும். உரியவர் இல்லையெனத் தீர்ந்து, வேறு உடன்பாடும் இல்லையாயின், கண்டெடுத்தார்க்கு முக்காற் பங்கும் நிலத்துக்குரியார்க்குக் காற்பங்கும் சேரும். அரசு எடுத்துக்கொள்ளின் பொன்னின் விலையோடு ஐந்தில் ஒருபங்கு மேலும் தரும். இதனை அறியாத அச்சத்தினாலேயே பல புதையல்கள் இரவோடிரவாக உருகுகின்றன.

2025-இல் இராசேந்திரன் நினைவாக நம் அரசு புதுக்காசு வெளியிட்டது. அது மகிழ்தற்குரியதே. ஆயின் அவ்வேந்தன் தானே வெளியிட்ட காசொன்று நாளை நம் பட்டறைக்கு வரக்கூடும். அது வரலாறாதலும் வளையலாதலும் நம்மவர் கையில் உள்ளன. மூசையை அடுப்பில் ஏற்றுமுன் ஒருகணம் உற்றுநோக்குமாறு நம் குலப் பெருமக்களை வேண்டுகின்றோம்.