படுக்கையருகே சரிபார்ப்பு: இரத்தமேற்றலில் செவிலியரின் அதிகாரம்

2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்ட செய்தி வெளியானபோது, கேள்விகள் பெரும்பாலும் இரத்த வங்கியை நோக்கியே எழுந்தன. அது நியாயமே. பரிசோதனையில் தப்பிய தொற்றை வார்டில் எந்தச் செவிலியரும் கண்டிருக்க முடியாது. ஆனால், இரத்தப் பாதுகாப்பு என்றாலே தொற்றுப் பரிசோதனைதான் என்ற எண்ணமும் நம்மிடம் ஊறிவிட்டது. தொற்றே இல்லாத தூய இரத்தமும் ஆள் மாறி ஏறினால் உயிரைப் பறிக்கும். நோயாளி, இரத்தப் பை, கேஸ் ஷீட் மூன்றும் ஒன்றுசேரும் ஒரே இடம் படுக்கை. அங்கே நிற்பவர் செவிலியர்.

அந்தச் சரிபார்ப்பை நாம் எழுத்தர் வேலையாக நடத்துகிறோம் என்பதே என் குற்றச்சாட்டு. இருவர் கையெழுத்திட்டால் போதும் என்பது நடைமுறை. ஒருவர் வாசிக்க மற்றவர் ‘சரி’ சொல்வது இரண்டு சரிபார்ப்பு ஆகாது. அவர் பார்த்திருப்பார் என்று இவரும், இவர் பார்த்திருப்பார் என்று அவரும் நம்புகிறார்கள். இருவரும் தனித்தனியே, அதுவும் செவிலியர் மேசையில் அல்லாமல் நோயாளியின் பக்கத்தில், பார்த்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. பிரிட்டனில் 1996 முதல் இரத்தமேற்றல் பாதிப்புகளைத் தொகுத்துவரும் ‘ஷாட்’ திட்டத்தின் அறிக்கைகளில் பெரும்பங்கு மனிதப் பிழைகளே. படுக்கையருகே சரிபார்ப்புப் பட்டியலைக் கட்டாயம் பயன்படுத்தும்படி 2017இல் அங்கே மருத்துவமனைகளுக்குத் தனி எச்சரிக்கையே அனுப்பினார்கள்.

நம் ஊரில் அடையாளம் காண்பதில் கூடுதல் சிக்கல் உண்டு. குடும்பப் பெயர் வழக்கமில்லை. இருப்பது தலைப்பெழுத்து மட்டும். ஒரே மகப்பேறு வார்டில் இரண்டு ‘எம். லட்சுமி’ இருக்கலாம். மணமான பெண்ணுக்கு ஓர் ஆவணத்தில் தந்தையின் எழுத்தும் இன்னொன்றில் கணவரின் எழுத்தும் இருக்கும். ‘நீங்க லட்சுமிதானே?’ என்று கேட்டால், காய்ச்சலில் கிடப்பவரும் காது மந்தமான பாட்டியும் ‘ஆமாம்மா’ என்றுதான் சொல்வார்கள். நர்சம்மா சொல்வதை மறுக்கக் கூடாது என்ற மரியாதையும் அதில் சேர்ந்திருக்கும். ‘உங்க பேரு என்னம்மா? வீட்டுக்காரர் பேரு?’ என்று கேட்டு, அவர் வாயால் வரும் பதிலை உள்நோயாளி எண்ணோடும் பையின் சீட்டோடும் ஒப்பிட வேண்டும். மயக்கத்தில் இருப்பவருக்குக் கைப்பட்டைதான் ஆதாரம். அது கட்டிலில் தொங்கினால் கட்டிலுக்குத்தான் அடையாளம்.

அடுத்து, முதல் 15 நிமிடம். ‘ஓ’ வகையினரின் உடலில் ‘ஏ’, ‘பி’ இரண்டுக்குமான எதிர்ப்பொருள்கள் இயல்பாகவே உள்ளன. ஆகவே பொருந்தாத சிவப்பணுக்கள் உள்ளே போனதுமே உடையத் தொடங்கும். அதிர்ச்சி, சிறுநீரகச் செயலிழப்பு, கட்டுக்கடங்காத இரத்தப்போக்கு என அது வளரும். விழித்திருப்பவரிடம் சில மில்லிலிட்டரிலேயே அறிகுறி தெரியலாம்: படபடப்பு, இடுப்பு வலி, ஊசி ஏறிய கையில் எரிச்சல், குளிர் நடுக்கம். மெதுவாகத் தொடங்கி அந்த 15 நிமிடமும் பக்கத்தில் இருக்கச் சொல்வது இதனால்தான். ஒரே செவிலியர் முழு வார்டையும் பார்க்கும் இரவில் இது நடக்காது. அவசரமில்லாத இரத்தத்தைப் பகலுக்குத் தள்ளிவைக்கும் முடிவில் செவிலியருக்கும் குரல் வேண்டும்.

நிறுத்தும் உரிமையும் அப்படித்தான். ஐயம் எழுந்தால் மருத்துவரின் அனுமதிக்குக் காத்திராமல் உடனே நிறுத்தி, குழாயை மாற்றி, சலைன் ஓடவிட்டு, பிறகு அழைக்க வேண்டும். பையும் குழாயும் புதிய இரத்த மாதிரியும் இரத்த வங்கிக்குப் போக வேண்டும். பலர் மறக்கும் ஒன்று: இவருக்கு வேறொருவரின் பை ஏறியிருந்தால், இவருடைய பை அந்த வேறொருவருக்கு ஏறிக்கொண்டிருக்கலாம். உடனே தேட வேண்டியது அவரை.

இந்தியாவின் இரத்தமேற்றல் கண்காணிப்புத் திட்டம் 2012 டிசம்பரில் தொடங்கியது. பாதிப்பு நேர்ந்த பின் எழுதுவதோடு நில்லாமல், ஏற்றுவதற்கு முன்பே செவிலியர் கண்டு தடுத்த பிழைகளும் அதில் பதிவாக வேண்டும். தவறான பையைத் திருப்பியனுப்பியவரிடம் விளக்கக் கடிதம் கேட்கும் மருத்துவமனையில் அந்தப் பதிவு ஒருநாளும் வராது.