வீட்டினுள் மண்ணில்லா வேளாண்மை

மண்ணில்லா வேளாண்மை அல்லது ஹைட்ரோபோனிக்ஸ் என்பது மண்ணைப் பயன்படுத்தாமல், ஊட்டச்சத்துகள் கரைக்கப்பட்ட நீரில் தாவரங்களை வளர்க்கும் முறை ஆகும். சாளர ஓரத்திலோ செயற்கை ஒளியிலோ, சிறிய இடத்தில் கீரைகளையும் மூலிகைகளையும் இம்முறையில் வளர்க்கலாம். வாலாஜாபேட்டை, இராணிப்பேட்டை, ஆம்பூர் போன்ற தோல் பதனிடும் தொழிற்பகுதிகளில் இதனைத் தொடங்குவோர் முதலில் ஆராய வேண்டியது நீரின் தரம் ஆகும்.

வரலாறு

1860 அளவில் ஜூலியஸ் சாக்ஸ், வில்ஹெல்ம் நாப் ஆகிய ஜெர்மானிய அறிவியலாளர்கள், கனிம உப்புகள் கரைந்த நீரில் மட்டுமே செடிகளை வளர்க்க முடியும் எனக் காட்டினர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கெரிக்கே இதனைப் பயிர் விளைவிக்கும் முறையாக வளர்த்தெடுத்து, 1937 இல் ஹைட்ரோபோனிக்ஸ் என்னும் பெயரை அறிமுகப்படுத்தினார். இந்தியாவில் 1946 இல் ஜேம்ஸ் சோல்ட்டோ டக்ளஸ், காலிம்பொங்கில் சோதனைகளைத் தொடங்கினார். எளிய கருவிகளையும் குறைந்த செலவையும் கொண்ட அவரது முறை 'வங்காள முறை' எனப்படுகிறது.

செயல்படும் முறை

தாவரம் கரிமம், ஐதரசன், ஆக்சிசன் ஆகியவற்றைக் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் பெறுகிறது. நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், கந்தகம் ஆகியவற்றையும் இரும்பு, துத்தநாகம், போரான் முதலிய நுண்ணூட்டங்களையும் கரைசல் வழங்க வேண்டும். இவ்வுரங்கள் பொதுவாக 'ஏ', 'பி' என இரு பகுதிகளாக விற்கப்படுகின்றன. அடர்நிலையில் அவற்றைக் கலந்தால் கால்சியம், சல்பேட்டு, பாசுபேட்டு ஆகியன இணைந்து வீழ்படிவாகிவிடும். எனவே ஒன்றை நீரில் நன்கு கரைத்த பின்னரே மற்றொன்றைச் சேர்க்க வேண்டும்.

நீரின் தரம்

பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் நிலத்தையும் நிலத்தடி நீரையும் பல இடங்களில் கெடுத்துள்ளது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது எனக் குறிப்பிட்டது.

மண்ணை விட்டு விலகுவதால் இச்சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. மண் சில உப்புகளையும் உலோகங்களையும் தன்னுடன் பிணைத்துக்கொள்ளும். நீர்க்கரைசலிலோ அவை நேரடியாக வேரை அடைகின்றன. எடுத்துக்காட்டாக, லிட்டருக்கு 1500 மில்லிகிராம் உப்புள்ள கிணற்று நீர் 10 லிட்டரில் 15 கிராம் உப்பு இருக்கும். செடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, அது அதிகம் எடுத்துக்கொள்ளாத சோடியமும் குளோரைடும் தங்கிச் செறிவடையும். அதே நீரை மேலும் ஊற்றினால் உப்பு பெருகி இலை நுனிகள் கருகும்.

மொத்தக் கரைதிண்மங்களை அளக்கும் டி.டி.எஸ். மானி உப்பின் மொத்த அளவை மட்டுமே மதிப்பிடுகிறது. குரோமியம் உள்ளதா என்பதை அது காட்டாது. அதனை ஆய்வகச் சோதனையால் மட்டுமே உறுதி செய்ய முடியும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது. நீரைக் கொதிக்க வைத்தால் உலோகம் நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

இக்காரணங்களால் தொடக்கநிலையினருக்கு மழைநீர் ஏற்றது. 10 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 100 லிட்டர் நீர் விழும். முதல் மழையின் நீரைக் கழித்துவிட்டு, பின்னர் பெய்வதை மூடிய தொட்டியில் சேமிக்கலாம். எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் தூய்மையாக்கிய நீரையும் பயன்படுத்தலாம், அக்கருவி வெளியேற்றும் கழிவுநீர் இதற்கு உகந்ததன்று.

எளிய தொடக்க அமைப்பு

ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறைக்கு மோட்டாரோ மின்சாரமோ தேவையில்லை.

1. ஒளி புகாத 10 லிட்டர் வாளியின் மூடியில் இரண்டு அல்லது மூன்று துளைகள் இடவும்.
2. அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட நெகிழிக் குவளைகளில், நன்கு கழுவி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, முளைத்த பாலக் அல்லது லெட்டூஸ் நாற்றுகளை நடவும்.
3. குவளையின் அடி சற்றே நனையுமாறு கரைசலை நிரப்பவும். நாற்றுகளுக்கு உரப்பொதியில் கூறிய அளவில் பாதி போதும்.
4. கரைசலின் கார அமிலச் சுட்டெண் (பி.எச்.) 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும்.
5. வெயில் போதாத இடத்தில் வெள்ளை எல்.இ.டி. விளக்கைச் செடிக்கு 20 - 30 சென்டிமீட்டர் மேலே வைத்து, நாளொன்றுக்கு 12 - 14 மணி நேரம் எரிய விடவும்.

நீர்மட்டம் குறையும்போது தோன்றும் காற்றிடைவெளியில் உள்ள வேர்கள் சுவாசிக்கின்றன. ஆகவே வாளியை மீண்டும் விளிம்பு வரை நிரப்பக் கூடாது; வேரின் கீழ்ப்பகுதி நனையும் அளவுக்கு மட்டும் நீர் சேர்த்தால் போதுமானது.

கவனிக்க வேண்டியவை

கரைசல் சூடேறினால் அதில் கரைந்துள்ள ஆக்சிசன் குறைந்து வேரழுகல் ஏற்படும். எனவே கோடையைத் தவிர்த்து, நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலத்தில் தொடங்குவது நல்லது. ஒளி புகுந்தால் பாசி வளரும். மூடியில் இடைவெளி இருந்தால் டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசுக்கள் முட்டையிடும். அறுவடைக்குப் பின் எஞ்சும் கரைசலைக் கிணற்றருகே கொட்டாமல், நீர்த்து மற்ற செடிகளுக்கு ஊற்றலாம்.