வெந்நீர் ஊற்றுகளில் வெப்பவிரும்பி நுண்ணுயிர்களை இனங்காணல்: முறையியல் வரலாறு

முன்னுரை

ஓர் உயிரினம் ஓரிடத்தில் கிடைக்கவில்லை என்பதும் அது அங்கு வாழவில்லை என்பதும் வேறு வேறு. தேடும் முறைக்கு அகப்படாதவை இல்லாதவையாகவே கருதப்பட்டு விடுகின்றன. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலுள்ள வெந்நீர் ஊற்றுகளில் நுண்ணுயிர்கள் இனங்காணப்பட்ட வரலாறு இதனைத் தெளிவுறுத்துகிறது.

வளர்ப்பு முறையின் எல்லை

வெப்பவிரும்பி பாக்டீரியாக்களைப் பிரித்தெடுக்க முற்பட்ட முந்தைய ஆய்வாளர்கள், மாதிரிகளைப் பெரும்பாலும் 55 பாகை செல்சியஸ் அளவில் வளர்த்தனர். அந்நிலையில் விரைந்து பெருகும் பேசில்லஸ் இனங்களே அவர்களுக்கு மிகுதியாகக் கிடைத்தன. 1960களின் நடுவில் இந்தியானா பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக் யெல்லோஸ்டோனில் கள ஆய்வு மேற்கொண்டார். ஆக்டோபஸ் ஊற்றிலிருந்து வழிந்தோடும் 80 பாகைக்கு மேற்பட்ட நீரில் இளஞ்சிவப்பு இழைகள் திரளாக வளர்ந்திருப்பதை அவர் கண்டார். ஆய்வகம் காட்டிய எல்லைக்கு அப்பாலும் உயிர்கள் செழித்திருந்தன.

பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃபிரீசும் வளர்ப்பு முறையில் இரு மாற்றங்களைச் செய்தனர். வெப்பநிலையை 70 பாகைக்கு உயர்த்தினர். ஊட்டப் பொருள்களின் செறிவைக் குறைத்தனர். 1966இல் மஷ்ரூம் ஊற்றிலிருந்து எடுத்த மாதிரியில் புதிய பாக்டீரியம் ஒன்று தனித்துக் கிடைத்தது. 1969இல் அதற்குத் தெர்மஸ் அக்குவாட்டிகஸ் எனப் பெயரிட்டனர். இது 40 முதல் 79 பாகை வரை வளரக்கூடியது. 70 பாகையில் சிறப்பாக வளர்வது. எனவே 55 பாகையில் வளர இயலாமையால் இது தவறவிடப்படவில்லை. விரைந்து வளரும் பிற இனங்களும் செறிவு மிக்க ஊடகமும் இதனை மறைத்திருந்தன. முறை மாறியபின், பல்கலைக்கழகக் குழாயில் வந்த வெந்நீரிலும் இவ்வுயிரினம் கண்டறியப்பட்டது.

வளர்ப்பின்றி இனங்காணல்

இளஞ்சிவப்பு இழைகளோ வளர்ப்புக்கு அகப்படவில்லை. அவற்றை இனங்காணும் வழி தெர்மஸ் அக்குவாட்டிகஸ் வாயிலாகவே பிறந்தது. வளர்ப்புச் சேமிப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த அப்பாக்டீரியத்திலிருந்து, வெப்பத்தைத் தாங்கும் டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதி பிரித்தெடுக்கப்பட்டமை 1976இல் வெளியாயிற்று. டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்க ஒவ்வொரு சுற்றிலும் கலவையைச் சூடாக்குதல் வேண்டும். காரி முல்லிஸ் 1983இல் கண்ட பாலிமரேஸ் தொடர்வினையில், தொடக்கத்தில் பயன்பட்ட நொதி அச்சூட்டில் அழிந்தது. ஆகவே ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்க்க நேர்ந்தது. வெப்பந்தாங்கும் நொதி இக்குறையை நீக்கியது.

இவ்வாறு எளிமை பெற்ற தொடர்வினையின் துணையால், ஊற்று மாதிரியிலுள்ள ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்களை நேரடியாகப் பெருக்கிப் படிக்க முடிந்தது. 1994இல் இளஞ்சிவப்பு இழைகளின் மரபுவழி உறவு இம்முறையில் வெளிப்பட்டது. 1998இல் அவ்வுயிரினம் தூய வளர்ப்பாகப் பெறப்பட்டுத் தெர்மோகிரினிஸ் ரூபர் எனப் பெயர் பெற்றது. தேங்கிய ஊடகத்தில் தனிச் செல்களாக வளர்ந்த அது, ஓடும் ஊடகத்தில் மட்டுமே இழைகளாக வளர்ந்தது. ஊற்றின் வெப்பத்தோடு அதன் ஓட்டமும் வளர்ப்பில் கருதத்தக்கது என்பதை இது உணர்த்தியது.

முடிவுரை

பிராக் கண்ணால் கண்ட இழைகளுக்கு உரிய பெயர் கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அக்காலமெல்லாம் உயிரினம் மாறவில்லை, முறையே மாறியது. ஆகவே ஓர் ஊற்றில் ஓர் உயிரினம் 'கிடைக்கவில்லை' எனப் பதிவுசெய்யும் ஆய்வு, எவ்வெப்பநிலையில், எவ்வூடகத்தில், எம்முறையில் தேடப்பட்டது என்பதையும் உடன் பதிவுசெய்தல் வேண்டும்.