மலைநாட்டு ட்ரவுட் மீன் யாருக்காக வந்தது?



விடுமுறைக்கு ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் உலக முடிவைப் பார்த்து, படம் எடுத்து, திரும்பி வந்துவிடுகிறோம். அங்குள்ள ஓடைக்குள்ளும் ஒரு வரலாறு நீந்துகிறது. பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அந்த மீனின் பெயர் வானவில் ட்ரவுட். அதன் பூர்வீகம் வட அமெரிக்காவின் மேற்குக் கரையும் ரஷ்யாவின் கம்சட்கா பகுதியும் ஆகும். அதன் உறவான பழுப்பு ட்ரவுட் ஐரோப்பாவைச் சேர்ந்தது. இரண்டுமே குளிர்நீர் மீன்கள். நீர் சூடானால் அதில் கரைந்துள்ள ஒட்சிசன் குறையும், இவை தாங்காது. அதனால்தான் உயரமான மலைப் பகுதிகளில் ட்ரவுட்டைக் காண்கிறோம்.

அடையாளம் காண்பது இலகு. ட்ரவுட் குடும்பத்து மீன்களுக்கு முதுகுச் செட்டைக்கும் வாலுக்கும் இடையில் முள்ளில்லாத சிறிய சதைச் செட்டை ஒன்று இருக்கும். பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டையும் வால் முழுக்கக் கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் வானவில் ட்ரவுட். உடம்பில் வெளிர் வளையம் சூழ்ந்த சிவப்புப் புள்ளிகள் இருந்து, வாலில் புள்ளிகள் குறைவாக இருந்தால் பழுப்பு ட்ரவுட்.

இவை இங்கு எப்படி வந்தன? கோப்பியும் பிறகு தேயிலையும் பயிரிட்ட பிரித்தானியத் துரைமார், நுவரெலியாவை இன்னொரு இங்கிலாந்தாக மாற்ற விரும்பினார்கள். பங்களா, கொல்ஃப், குதிரைப் பந்தயம் எல்லாம் வந்தன. தூண்டிலுக்குத்தான் மீன் இல்லை. குளிரூட்டிய மீன் முட்டைகளை ஈரப் பாசியில் பொதிந்து கப்பலில் அனுப்பலாம் என்பது 1864இல் தஸ்மேனியாவில் நிரூபணமாகியிருந்தது. 1882இல் பழுப்பு ட்ரவுட் இலங்கைக்கு வந்தது. வானவில் ட்ரவுட் அதன் பின்னர் வந்து, ஹோட்டன் சமவெளி ஓடைகளில் நிலைத்துவிட்டது.

பிடிக்கும் முறையும் துரைமாரோடு வந்ததுதான். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி, கல்லின் மறைவில் இரைக்குக் காத்திருக்கும். ஆகவே அதன் பின்பக்கமாக, ஓடையின் கீழ்ப்புறத்தில் நின்று, இறகால் கட்டிய பொய்ப் பூச்சியை மேலே எறிவார்கள். அது நீரோடு மிதந்து வரும்போது மீன் பாயும். அது பசிக்கான மீன்பிடி அல்ல, பொழுதுபோக்கு. அதே மலையில் லயத்து அறைகளில் வாழ்ந்து, அந்தத் தோட்டங்களை உருவாக்கிய மக்களுக்காக அந்த மீன் வரவில்லை.

இன்னொரு தரப்பும் இருக்கிறது. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத சிறிய நன்னீர் இறால் இனம் ஒன்று வாழ்கிறது. ட்ரவுட்டோ பூச்சி, இறால், சிறுமீன் எல்லாம் உண்ணும் ஊனுண்ணி. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இந்த இரண்டு ட்ரவுட்களும் உள்ளன. துரைமாருக்கு விளையாட்டாக இருந்தது, அந்த இறாலுக்கு உயிர்ப் பிரச்சினை.

ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக 2010இல் உலக மரபுரிமையானது. அங்கே நாம் செய்யக்கூடியது பார்ப்பது மட்டும்தான்.

ஆனால் நம் ஊரில் செய்ய ஒன்று உண்டு. வீட்டுத் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன மீனைப் பிள்ளைகள் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். பாவம், பிழைக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். 1882இல் முட்டை கொண்டுவந்தவர்களும் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை. ஒரு மீனை நீரில் விட ஒரு நிமிடம் போதும். திரும்ப எடுக்க நூறு வருடமும் போதவில்லை.

உங்கள் பகுதி ஓடைகளில் முன்பு இருந்து இப்போது காணாமல் போன மீன்களின் பெயர்களை மூத்தவர்கள் சொல்லுங்கள். ஊர்ப் பெயரிலேயே எழுதுங்கள், பிள்ளைகளுக்குச் சேர்த்து வைப்போம்.