நட்சத்திரச் சின்னமும் சிவகாசித் தொகுதியும்

1967ஆம் ஆண்டு பிப்ரவரித் தேர்தலைப் பற்றிப் பேச்செடுத்தால், விருதுநகர் வட்டாரத்தில் எவரும் முதலில் சொல்வது காமராசரின் தோல்வியைத்தான். சொந்த ஊரில், பெ. சீனிவாசன் என்ற இளம் மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் அவர் தோற்றார். அந்தச் செய்தி நாட்டையே உலுக்கியதால், அதே தேர்தலில் அதே வட்டாரம் அளித்த மற்றொரு தீர்ப்பு மறைந்து போயிற்று. சிவகாசி நாடாளுமன்றத் தொகுதியின் வாக்காளர்கள் ஆளும் காங்கிரசை விலக்கிவிட்டு, சுதந்திராக் கட்சியின் வேட்பாளர் பி. இராமமூர்த்தியைத் தில்லிக்கு அனுப்பினர். உழைப்பாளர் மிகுந்த தீப்பெட்டி, பட்டாசு நகரம் ஒன்று, வலதுசாரிக் கட்சி என்று பெயர்பெற்ற ஒன்றின் நட்சத்திரச் சின்னத்துக்கு வாக்களித்தது ஏன்? அந்த வாக்கின் பொருள் என்ன? கத்தோலிக்க வாக்காளராகிய நாம் இக்கேள்வியை ஆராய்வது பயன் தரும்.

சுதந்திராக் கட்சி 1959இல் பிறந்தது. அவ்வாண்டு ஜனவரியில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு, கூட்டுறவுக் கூட்டுப் பண்ணை முறையை நாட்டின் வேளாண்மைக்குரிய வழியாக அறிவித்தது. உழவனின் நிலம் அவன் கையை விட்டுப் போய்விடும் என்று அஞ்சியவர்கள் இராஜாஜியின் தலைமையில் ஒன்று திரண்டனர். என். ஜி. ரங்கா, மினூ மசானி, கே. எம். முன்ஷி போன்றோர் அவருடன் நின்றனர். தொழில் தொடங்கவும், பொருள் வாங்கவும், விற்கவும் அரசு அலுவலகத்தின் வாசலில் காத்திருக்கும் நிலையை ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்று இராஜாஜி சாடினார். தனிச்சொத்துரிமை, குறைந்த அரசுத் தலையீடு, காந்தியடிகள் சொன்ன தர்மகர்த்தா முறை ஆகியவை கட்சியின் அடிப்படைக் கொள்கைகள். எதிரிகளோ அதனைச் செல்வர்களின் கட்சி, பழைய மன்னர்களின் கட்சி என்றனர்.

நம் திருச்சபையின் பிள்ளைகள் சிலரையும் இக்கட்சி ஈர்த்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த எம். இரத்தினசாமி என்ற கத்தோலிக்க அறிஞர் அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். 1962 முதல் 1968 வரை மாநிலங்களவையில் அமர்ந்தவர். இதில் வியப்பில்லை. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட தொழிலாளர் பற்றிய சுற்றுமடல் தனிச்சொத்து வைத்திருப்பதை மனிதனின் இயல்பான உரிமை என்று நிலைநாட்டிற்று. குடும்பமும் சிறிய அமைப்புகளும் தாமே செய்யக்கூடியவற்றை அரசு பறித்துக்கொள்வது அநீதி என்று 1931இல் பதினொன்றாம் பத்திநாதர் கற்பித்தார். முன்னோர் விட்டுச்சென்ற திராட்சைத் தோட்டத்தை அரசனுக்குக் கொடுக்க மறுத்து உயிரிழந்த நாபோத்தின் வரலாற்றை அரசர் முதல் நூலில் படித்த எந்தக் கிறிஸ்தவனுக்கும், கூட்டுப் பண்ணையை எதிர்த்த உழவனின் அச்சம் புரியாமல் இராது.

சிவகாசி மண்ணும் இக்கொள்கை வேர் பிடிக்க ஏற்றதாகவே தோன்றிற்று. மழை பொய்க்கும் கரிசல் பூமி அது. 1922இல் அ. சண்முக நாடாரும் ப. அய்ய நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். பின்னர் அதனைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. அரசு கட்டிக் கொடுத்த ஆலைகள் அல்ல இவை. உறவின்முறையின் கட்டுப்பாடும், சிக்கனமும், கைத்தொழிலும் கட்டியவை. ஆயினும் வெடிமருந்து தொடும் தொழில் என்பதால் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 1940ஆம் ஆண்டு விதிகளும் இங்கே அன்றாட வாழ்க்கையாயின. உரிமம் இல்லாமல் ஓர் அறை கட்ட முடியாது. ஒரு மூட்டை மருந்து வைக்க முடியாது. பெர்மிட் ராஜ்யம் என்ற சொல்லுக்கு இவ்வூர் முதலாளிகளிடம் விளக்கம் தேவைப்பட்டிராது.

ஆனால் உண்மைக்கு மறுபக்கமும் உண்டு. இத்தொழில் முளைவிட்டதே அரசின் நிழலில்தான். 1922இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் சுங்கவரி விதிக்கப்பட்டது; அதன் பிறகே உள்நாட்டுத் தீப்பெட்டி சந்தையில் நிற்க முடிந்தது. இயந்திரத்தில் தீப்பெட்டி செய்த பெரிய நிறுவனத்தோடு கைத்தொழில் போட்டியிட முடிந்ததற்கு, சிறு உற்பத்தியாளருக்கு அளிக்கப்பட்ட கலால் வரிச் சலுகை பெரிய காரணம். அரசு விலகி நிற்கவும் வேண்டும், அரசு காக்கவும் வேண்டும் என்ற இரட்டை மனமே இவ்வூர்த் தொழிலின் உண்மையான அரசியல்.

1967இன் தேர்தல் களத்தை இப்போது நோக்குவோம். சுதந்திராக் கட்சி தனித்து நின்றிருந்தால் இத்தொகுதியில் வென்றிருக்குமா என்பது ஐயமே. அறிஞர் அண்ணாவின் தலைமையில் அமைந்த கூட்டணியில் அது ஓர் உறுப்பு. அதே கூட்டணியில் மார்க்சிஸ்டுக் கம்யூனிஸ்டுக் கட்சியும் இருந்தது. அரசியலின் நகைச்சுவை போல, அண்டைத் தொகுதியான மதுரையில் அக்கட்சியின் சார்பில் வென்றவரும் ஒரு பி. இராமமூர்த்தியே! சொத்துரிமையைக் காக்க வந்த ஓர் இராமமூர்த்தியும், சொத்துடைமையை ஒழிக்க வந்த ஓர் இராமமூர்த்தியும் ஒரே அணியின் வாக்குகளால் ஒரே அவைக்குச் சென்றனர். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய இராஜாஜியும், அதனை எதிர்த்த இயக்கத்தில் வளர்ந்த அண்ணாவும் ஒரே மேடையில் நின்றனர். அப்போது இராஜாஜிக்கு வயது 88.

மக்களை அசைத்தது அந்த மேடையின் பொருளாதாரத் தத்துவம் அன்று. அரிசித் தட்டுப்பாடு அடுப்படிவரை வந்திருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி காதில் இனித்தது. 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் காயம் ஆறவில்லை. இருபது ஆண்டு ஆட்சியின் மீது சலிப்பும் சேர்ந்திருந்தது. சென்னை மாநிலத்தின் 39 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரசுக்குக் கிடைத்தவை மூன்றே, சுதந்திராவுக்கு ஆறு. நாடு முழுவதும் 44 இடங்களைப் பெற்று, மக்களவையின் மிகப் பெரிய எதிர்க்கட்சியாக அது எழுந்தது.

அந்த எழுச்சி நான்கே ஆண்டுகள் நிலைத்தது. 1971இல் அணிகள் தலைகீழாயின. நெடுங்காலம் எதிரெதிர் துருவங்களாக இருந்த இராஜாஜியும் காமராசரும் ஒன்று சேர்ந்தனர். திராவிட முன்னேற்றக் கழகம் இந்திரா காந்தியின் காங்கிரசோடு நின்றது. சிவகாசித் தொகுதி அந்தக் காங்கிரசின் வி. ஜெயலட்சுமியைத் தேர்ந்தெடுத்தது. நாடு முழுவதும் சுதந்திராவுக்கு எட்டு இடங்களே மிஞ்சின. 1972 டிசம்பர் 25ஆம் நாள், நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அன்று, இராஜாஜி மறைந்தார். 1974இல் கட்சி வேறொன்றில் கரைந்தது.

ஆக, 1967இல் சிவகாசி ஒரு வேட்பாளரை ஏற்றது. அவருடைய கொள்கையை ஏற்றதாகச் சொல்வதற்கில்லை. கட்சித் தலைவர்கள் வெற்றியின் மறுநாளே ‘மக்கள் எங்கள் கொள்கைக்குத் தீர்ப்பளித்தனர்’ என்று சொல்லும் வழக்கத்தை இவ்வரலாறு மெல்லத் திருத்துகிறது.

இன்னொரு பாடம் இதனினும் ஆழமானது. அந்தத் தேர்தல் முடிந்த அடுத்த மாதம், மார்ச் 26, உயிர்ப்புப் பெருவிழாவன்று, திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் மக்களினங்களின் முன்னேற்றம் பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டார். தனிச்சொத்துரிமை எவருக்கும் நிபந்தனையற்ற, முழுமையான உரிமையன்று. பிறர் அடிப்படைத் தேவைக்கே வாடும்போது தன் தேவைக்கு மேற்பட்டதைத் தனக்கென்றே வைத்துக்கொள்ள நியாயமில்லை என்று அதில் கற்பித்தார். முந்திய போதனையை அவர் மறுத்துவிட்டார் என்று சிலர் குறைபட்டனர். அவ்வாறு இல்லை. சொத்துரிமையை நிலைநாட்டிய 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலே, உடலும் உள்ளமும் முதிராத சிறுவரைத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வைக்கலாகாது என்றும், நியாயமான கூலி தரப்பட வேண்டும் என்றும் கட்டளையிட்டிருக்கிறது. ஒரே மடலின் முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பின்பக்கத்தை மடித்து வைப்பது எளிது.

சிவகாசி வட்டாரத்தில் அந்தப் பின்பக்கம் நெடுங்காலம் படிக்கப்படவில்லை. பள்ளிக்குச் செல்ல வேண்டிய கைகள் குச்சி அடுக்கின, பெட்டி ஒட்டின. உழைத்து உயர்ந்த ஊர் என்ற பெருமை உண்மையே; அந்த உயர்வின் ஒரு பகுதியைச் சிறுவர் சுமந்தனர் என்பதும் உண்மையே. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசியைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உரிமமும் சோதனையும் தொல்லை என்று சலித்துக்கொள்ளும் நாம், அவை வெறும் தாளாக மட்டும் இருந்தால் யார் இறக்கிறார்கள் என்பதையும் எண்ண வேண்டும். நாபோத்தின் தோட்டத்தைக் காக்கும் அதே மறைநூல், அறுவடை செய்தவர்க்குக் கொடாத கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபின் வழியாகவும் பேசுகிறது.

எனவே எந்தக் கட்சியும் திருச்சபையின் போதனை முழுவதையும் தன் கொடியில் சுமப்பதில்லை. ஒரு கட்சி நாபோத்தை நினைவில் வைத்து யாக்கோபை மறக்கும். மற்றொன்று யாக்கோபைப் பிடித்துக்கொண்டு நாபோத்தை விட்டுவிடும். 1965இல் நிறைவுற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதனை அறிந்தே பேசிற்று. ஒரே விசுவாசம் உடையவர்கள் உலகியல் காரியங்களில் நேர்மையாக வேறுபடக்கூடும். அவர்களுள் எவரும் திருச்சபையின் அதிகாரத்தைத் தம் கருத்துக்கு மட்டும் உரிமையாக்கலாகாது என்று ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏடு கூறுகிறது. ஆகவே குருவானவர் பீடத்திலிருந்து சின்னத்தைச் சொல்லலாகாது. பொதுநிலையினரும் அதனை அவரிடம் கேட்கலாகாது.

கேட்க வேண்டியவை வேறு. இந்த வேட்பாளர் சிறு உடைமையாளனின் உரிமையை மதிப்பாரா? மருந்து அறையில் அமர்ந்திருக்கும் பெண்ணின் உயிருக்கும் கூலிக்கும் சட்டத்தின் காவலைக் கேட்பாரா? இவ்விரு கேள்விகளையும் ஒரே வேட்பாளரிடம், ஒரே மூச்சில் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். சிவகாசி என்ற பெயரில் இருந்த நாடாளுமன்றத் தொகுதி 2009 முதல் விருதுநகர் என்ற பெயரில் இருக்கிறது. முத்திரை குத்திய இடத்தில் இன்று பொத்தானை அழுத்துகிறோம். நாம் கேட்க வேண்டிய அந்த இரு கேள்விகளும் 1967இல் இருந்தவாறே இருக்கின்றன.