பழைய பிக்கப் வண்டியில் ஏசி ஃபில்டர் இருக்கிறதா? நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

திருவனந்தபுரம் சாலை மார்க்கெட்டுக்கு அதிகாலையில் காய்கறி ஏற்றி வரும் வண்டிகளில் பல, நாகர்கோவில், களியக்காவிளை வழியாக வரும் பிக்கப்கள். வழி முழுக்கத் தூசி, டீசல் புகை, ஜூன் வந்தால் மழை ஈரம். அப்படி ஓடிய ஒரு பழைய வண்டியை உங்கள் வீட்டுக்காக செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சர்வீஸில் கேட்பார்கள்: "ஏசி ஃபில்டர் மாத்திடலாமா?"

பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த வண்டியில் அப்படி ஒரு ஃபில்டர் இருக்கிறதா?

ஏர் ஃபில்டர் வேறு, ஏசி ஃபில்டர் வேறு

ஏர் ஃபில்டர் இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும். எல்லா வண்டியிலும் இருக்கும். கேபின் ஃபில்டர், அதாவது நம்ம ஊர் வழக்கில் ஏசி ஃபில்டர், உள்ளே உட்கார்ந்திருப்பவர் சுவாசிக்கும் காற்றை வடிகட்டும். இது எல்லா வண்டியிலும் இருக்காது. பில்லில் வெறுமனே 'ஃபில்டர்' என்று போட்டிருந்தால், எது என்று கேட்டுவிடுங்கள்.

ஏன் பல பிக்கப்களில் இல்லை?

கேபின் ஃபில்டர் முதலில் சில கார்களில் மட்டும் இருந்து, மெல்ல மெல்ல சாதாரண கார்களுக்கு வந்தது. சரக்கு வண்டிகளுக்கு அது வந்து சேரத் தாமதமானது. டாடா ஏஸ், பொலேரோ பிக்கப் போன்றவற்றின் பழைய மாடல்கள் பெரும்பாலும் ஏசி இல்லாமலே விற்றவை. ஏசியே இல்லாத பழைய சரக்கு வண்டியில் இந்த ஃபில்டரைப் பொதுவாக எதிர்பார்க்க முடியாது.

ஏசி இருந்தாலும் ஃபில்டர் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஒரே மாடலில்கூட வேரியன்ட்டையும் தயாரித்த வருடத்தையும் பொறுத்து மாறும்.

எங்கே தேடுவது?

1. மேனுவல்: உரிமையாளர் கையேட்டில் பராமரிப்பு அட்டவணையைப் பாருங்கள். இன்ஜின் ஏர் ஃபில்டர் தவிர கேபின், ஏசி அல்லது 'போலன்' ஃபில்டர் என்று தனி வரி இருந்தால், இருக்கிறது என்று அர்த்தம்.

2. க்ளவ் பாக்ஸ் பின்னால்: அதிகம் இருக்கும் இடம் இதுதான். பெட்டியைக் காலி செய்து, பக்கச் சுவர்களை உள்நோக்கி அழுத்தினால் பல வண்டிகளில் கீழே இறங்கிவிடும். சிலவற்றில் ஸ்க்ரூ கழற்ற வேண்டும். பின்னால் நீள்சதுர பிளாஸ்டிக் மூடி தெரிகிறதா பாருங்கள்.

3. டேஷ்போர்டுக்குக் கீழே: முன் பயணி கால் வைக்கும் இடத்தில், டார்ச் அடித்து ப்ளோயர் பெட்டியைப் பாருங்கள்.

4. பானெட்டைத் திறந்து: வைப்பருக்குக் கீழே, வெளிக்காற்று உள்ளே போகும் வாயில் சில வண்டிகளில் ஃபில்டர் இருக்கும். அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் வெளிக்காற்றை மட்டுமே வடிகட்டும்.

5. சேசிஸ் நம்பர்: இதற்கு மேலும் சந்தேகமா? ஆர்சியில் உள்ள சேசிஸ் நம்பரை கம்பெனி பார்ட்ஸ் கவுன்டரில் கொடுங்கள். அந்த வண்டிக்கு அப்படி ஒரு பார்ட் உண்டா என்று அவர்களால் பார்த்துச் சொல்ல முடியும்.

மூடியைத் திறந்தால் என்ன தெரியும்?

*ஃபில்டர் இருக்கிறது:* அழுக்கானால் மாற்றுங்கள். பொதுவாக 10,000 முதல் 20,000 கி.மீ.க்கு ஒருமுறை என்பார்கள். தூசி ரோட்டில் ஓடும் வண்டிக்கு முன்னதாகவே தேவைப்படும். புதிய ஃபில்டரில் உள்ள அம்புக்குறி, காற்று போகும் திசையில் இருக்க வேண்டும். பழையதை எப்படி மாட்டியிருந்தார்கள் என்று கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

*இடம் இருக்கிறது, ஃபில்டர் இல்லை:* பழைய உரிமையாளர் தூக்கிப் போட்டிருக்கலாம், அல்லது கம்பெனியே போடாமல் விட்டிருக்கலாம். சரியான அளவு கிடைத்தால் வாங்கிப் போடலாம்.

*இடமே இல்லை:* மாற்ற எதுவும் இல்லை, அதற்குக் காசும் கொடுக்க வேண்டாம். பஞ்சையோ துணியையோ ப்ளோயர் வாயில் ஒட்டி 'செட்' பண்ணும் யோசனையும் வேண்டாம். காற்று வரத்து குறையும், ஃபேனில் சிக்கினால் மோட்டாரே போகும்.

ஃபில்டர் இல்லாவிட்டால்?

ஏசி உள்ள வண்டி என்றால், லாரி பின்னால் மாட்டும்போது உள்காற்று சுழற்சி பட்டனைப் போடுங்கள். நெரிசல் தாண்டியதும் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடைத்த காற்றில் தூக்கம் சொக்கும். வைப்பர் அடியில் சேரும் இலைகளை அள்ளிவிடுங்கள். ஃபில்டர் இல்லாத வண்டியில் தூசி நேராகக் கூலிங் காயிலில் போய்ப் படியும். கேரளத்தின் ஈரப்பதமும் சேர்ந்தால் பூஞ்சை வாடை வரும். எனவே ஏசி ஃபில்டர் காசை காயில் சுத்தம் செய்ய ஒதுக்குங்கள். இறங்குவதற்குச் சில நிமிடம் முன் ஏசியை நிறுத்தி ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் காயில் ஓரளவு காயும்.

ஏசியே இல்லாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டும் வண்டியில் எந்த ஃபில்டரும் பெரிதாக உதவாது. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் என்2, என்3 வகை லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். ஆனால் அது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கான விதி. அதற்குள் அடங்கும் சிறிய பிக்கப்கள் என்1 வகை. அவற்றுக்கு இது பொருந்தாது. பழைய வண்டிகளுக்கும் பொருந்தாது.

அந்த வண்டியை அப்பாவோ மாமாவோ தினமும் ஓட்டப் போகிறார் என்றால், வாங்கும் முன்பே க்ளவ் பாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். இல்லாத ஃபில்டருக்குப் பணம் கட்டுவதும் மிச்சம், இருக்கும் ஃபில்டர் வருடக்கணக்கில் அழுக்கேறிக் கிடப்பதும் தெரிந்துவிடும்.