பட்டாளம் விட்டவன் பாடு

போருக்குப் போன கதையை உலகம் நன்றாக எழுதி வைத்திருக்கிறது. போரிலிருந்து திரும்பிய கதையை அவ்வளவு நன்றாக எழுதி வைக்கவில்லை. எந்த வேந்தன் எந்த நாட்டின்மேல் படையெடுத்தான் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளையும் சொல்லுவான். அந்தப் படையில் வேலெடுத்து நடந்தவன் ஊர் திரும்பிய மறுநாள் எதை உண்டான், யாரிடம் போய் வேலை கேட்டான் என்று வினவினால் பண்டிதரும் விழிப்பார். நம் பழந்தமிழ் இலக்கியமும் இதற்கு விலக்கன்று. வினைமுடித்து மீளும் தலைவன் பாகனை நோக்கித் தேரை விரைந்து செலுத்தச் சொல்வதை முல்லைத் திணைப் பாட்டுகள் மிக அழகாகக் கூறுகின்றன. முல்லைப்பாட்டோ, காத்திருக்கும் தலைவியின் காதில் மீண்டு வரும் படையின் ஆரவாரம் விழுவதோடு நிறைவுறுகிறது. தேர் வாயிலை அடைந்தது, ஆகவே கதை முடிந்தது என்பது புலவர் முடிவு. தேரும் பாகனும் உடையவனுக்கு அது பொருந்தும். கால்நடையாய் வந்தவனுக்கோ கதை அங்கேதான் தொடங்குகிறது.

இக்கதையை ஆராய ஜொகூர் நாட்டின் கீழ்க்கரையிலுள்ள மெர்சிங் நமக்கு ஒரு நல்ல வாயிலாகும். இன்று மெர்சிங் என்றால் தியோமான் தீவுக்குப் படகேறும் துறை என்றே பலரும் அறிவர். 1941-இல் அது ஒரு பாசறை. ஜப்பானியர் இக்கரையில் இறங்கி நேரே சிங்கப்பூரை நோக்கி நடப்பர் என்று எதிர்பார்த்த ஆங்கிலத் தளபதிகள், ஆஸ்திரேலியாவின் 22-ஆம் பிரிகேடை இங்கே நிறுத்தினர். 1941 பிப்ரவரியில் ‘குவீன் மேரி’ கப்பலில் வந்திறங்கிய அம்மனிதர்கள் தொழில்முறைச் சிப்பாய்கள் அல்லர். உழவர், குமாஸ்தா, கடைக்காரர் ஆகியோர் தாமே முன்வந்து சேர்ந்த படை அது. போர் முடிந்ததும் விட்டுவந்த தொழிலுக்கே திரும்புவோம் என்பது அவர்கள் எண்ணம். மெர்சிங் கடற்கரையில் முள்வேலி கட்டினார்கள், கண்ணிவெடி புதைத்தார்கள், காத்திருந்தார்கள்.

கடல்வழி வருவான் என்று காத்திருந்த பகைவன் தரைவழி வந்தான். 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியர், ஜனவரியில் எண்டாவ் வரை வந்துவிட்டனர். 1942 ஜனவரி 26-இல் எண்டாவ் கடலில் நின்ற அவர்களுடைய கப்பல்களைத் தாக்கச் சிங்கப்பூரிலிருந்து சென்ற பழைய இரட்டைச் சிறகு விமானங்கள் பல வீழ்ந்தன. மறுநாள் விடியுமுன் ‘தானெட்’ என்னும் போர்க்கப்பல் மூழ்கியது. அதே இரவில் மெர்சிங்கிற்கும் ஜெமாலுவாங்கிற்கும் இடையிலுள்ள நித்ஸ்டேல் ரப்பர்த் தோட்டத்தில் ஆஸ்திரேலியரின் 18-ஆம் பட்டாளம் பதுங்கியிருந்து ஜப்பானியரைத் தாக்கியது. இருபுறமும் பெருஞ்சேதம். பிறகு எஞ்சியோர் சிங்கப்பூருக்குப் பின்வாங்கினர். பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. ஊர் திரும்புங்காலம் எதுவென்று கணக்கிட்டிருந்தவர்கள் மூன்றரை ஆண்டு சிறைப்பட்டனர். ஜப்பானியரிடம் கைதான ஆஸ்திரேலியர் ஏறக்குறைய 22,000 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் வீடு திரும்பவேயில்லை.

இனி, 1945-ஆம் ஆண்டுக்கு வருவோம். போர் தொடங்கும்போது ஆட்களைச் சேர்ப்பதற்கு எல்லாச் சர்க்கார்களும் ஆயத்தமாக இருக்கின்றன. முடியும்போது அவர்களை அனுப்புவதற்குத்தான் ஆயத்தமாக இருப்பதில்லை. பிரிட்டன் முதற் போரில் பட்ட அனுபவத்தால் இம்முறை ஒரு கணக்கை முன்னரே வகுத்தது. இரண்டு மாதச் சேவை ஓராண்டு வயதுக்குச் சமம் என்பது அக்கணக்கு. 22 வயதில் நான்காண்டு சேவை செய்தவனும், 34 வயதில் இரண்டாண்டு சேவை செய்தவனும் ஒரே வரிசையில் நிற்பர். பணக்காரன், ஏழை, சிபாரிசு உள்ளவன், இல்லாதவன் என்ற பேதம் இதில் இல்லை. 1945 ஜூன் 18-இல் விடுவிப்புத் தொடங்கியது. விடுபட்டவனுக்கு ஒரு ஜோடிக் குடிமக்கள் உடை, 56 நாள் சம்பளத்துடன் ஓய்வு, கைப்பணம் ஆகியவை கிடைத்தன. விட்டுப்போன பழைய வேலையை மீண்டும் கேட்கும் உரிமையை 1944-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. குறை பல இருப்பினும், இதில் நியாயம் என்ற ஒன்று இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் கணக்கு ஒருபுறமும் கப்பல் ஒருபுறமுமாக இருந்தன. மலாயாவை மீட்பதற்குச் ‘சிப்பர்’ என்ற பெயரில் படையெடுப்பு வகுக்கப்பட்டுக் கொண்டிருந்த வேளையில், கீழ்த்திசையில் ஒருவன் இருக்கவேண்டிய காலம் மூன்றாண்டு எட்டு மாதத்திலிருந்து மூன்றாண்டு நான்கு மாதமாகக் குறைக்கப்பட்டது. அனுபவம் மிக்கவர்கள் பலர் ஒருநாளில் வீடு செல்லும் உரிமை பெற்றனர், தளபதிகள் திகைத்தனர். ஜப்பான் சரணடைந்ததால் 1945 செப்டம்பர் 9-இல் மோரிப் கடற்கரையில் படை எதிர்ப்பின்றி இறங்கியது. போர் முடிந்துவிட்டது. ஆனால் வேலை முடியவில்லை. மலாயாவில் காவல், ஜாவாவில் டச்சுக்காரர் பொருட்டுச் சண்டை என்று புதுப் புதுக் கடமைகள் முளைத்தன. நாளை விடுபடவேண்டியவன் இன்று புதிய ஊருக்கு அனுப்பப்பட்டான்.

இதன் பலன் என்ன? 1946 ஜனவரியில் கராச்சியில் பிரிட்டிஷ் விமானப்படையினர் வேலைநிறுத்தம் செய்தனர். அது இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று பரவியது. அவர்கள் கேட்டது ஒன்றே: எங்களை எப்போது அனுப்புவீர்கள்? பிப்ரவரி 18-இல் பம்பாயில் இந்தியக் கடற்படை மாலுமிகள் எழுந்தனர். நல்ல உணவு, வெள்ளையர்க்குச் சமமான ஊதியம் என்பவற்றோடு, விரைந்த விடுவிப்பும் விடுபட்டபின் வாழ வழியும் அவர்கள் கோரிக்கையில் இருந்தன. இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திருப்பி அழைக்கவேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். தம் விடுதலையைக் கேட்டவர்கள், அயலான் விடுதலையை நசுக்கத் தாம் ஆயுதமாகக் கூடாது என்பதையும் உடன் கேட்டனர். இவ்வறிவு மெச்சத்தக்கது. ஆயினும் ஜாவாவிலிருந்து கடைசி இந்தியப் பட்டாளம் வெளியேறியது 1946 நவம்பரில்தான். உலகப்போர் முடிந்தபின், யாருடைய நாட்டையோ யாருக்கோ மீட்டுக்கொடுக்கப் போய் மாண்ட இந்தியச் சிப்பாய்களின் இரத்தத்துக்கு எந்தக் கணக்கில் பற்று எழுதுவது?

ஜொகூரின் மேற்கரையிலுள்ள மூவாரிலும் இதே நோய் வெடித்தது. ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பிரிட்டிஷ் பாரசூட் படையின் 13-ஆம் பட்டாளத்தைச் சேற்று நிலத்தில் கூடாரமடித்துத் தங்கவைத்தனர். 1946 மே மாதத்தில் அவர்களிற் பெரும்பாலோர் கட்டளைக்குப் பணிய மறுத்தனர். இராணுவ நீதிமன்றம் 243 பேரைக் கலகக் குற்றவாளிகள் என்று தீர்த்துச் சிறைத்தண்டனை விதித்தது. பிரிட்டனில் எழுந்த கூக்குரலுக்குப் பின், விசாரணை முறை தவறியது என்று கூறித் தண்டனைகள் நீக்கப்பட்டன. போர்க்களத்தில் அஞ்சாதவர்கள் அமைதிக்காலக் கூடாரத்தில் ஏன் கட்டுப்பாடு இழந்தனர்? ஒரு மனிதன் எதற்காக உழைக்கிறோம் என்று அறிந்தால் எதையும் தாங்குவான்; காரணமும் தெரியாமல், நாளும் தெரியாமல் நிறுத்தி வைக்கப்பட்டால் சிறு துன்பத்தையும் தாங்கமாட்டான். இதைக் கட்டுப்பாட்டுக் குறைவு என்பது தலைவர்களின் சோம்பலுக்கு இட்ட நல்ல பெயரேயாகும்.

இந்தியாவின் ஏற்பாடு எப்படி இருந்தது? போர் முடிகையில் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் படையில் இருந்தனர். 1945 ஜூலையில் மறுவாழ்வு, வேலைவாய்ப்பு இயக்ககம் ஒன்று நிறுவப்பட்டு, விடுபட்டவர்களுக்காக வேலைவாய்ப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. நம் வீட்டுப் பிள்ளைகள் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிறந்த கதை இதுதான்; 1948-இல்தான் அது எல்லா மக்களுக்கும் உரியதாயிற்று. சென்னை மாகாணத்தில் முன்னாள் படைவீரருக்கெனக் கூட்டுறவு மோட்டார்ப் போக்குவரத்துச் சங்கங்களும் நிலக்குடியேற்றச் சங்கங்களும் தோன்றின. பட்டாளத்தில் லாரி ஓட்டியவன் ஊரில் பஸ் ஓட்டினான். பாலங் கட்டிய சாப்பர் கட்டடவேலை அறிந்தவனாய்த் திரும்பினான். கைத்தொழில் கற்றவன் பிழைத்துக்கொண்டான். துப்பாக்கி ஒன்றையே கற்றவன் நிலை வேறு. அவனுக்குக் கிடைத்ததெல்லாம் மார்பில் ஒரு பதக்கமும், வாயிற்காவலன் வேலையும். ஒரே கூடாரத்தில் படுத்து ஒரே பாத்திரத்தில் உண்டவன், ஊர் சேர்ந்ததும் எந்தக் கிணற்றில் நீர் எடுக்கலாம் என்று மறுபடியும் கேட்கவேண்டிய கொடுமையும் இருந்தது. அதற்கு எந்த இயக்ககமும் பயிற்சி அளிக்கவில்லை.

இவர்களுக்கேனும் விடுவிப்புச் சீட்டு இருந்தது. சீட்டே இல்லாமல் விடுபட்ட ஒரு படையும் மலாயாவில் உண்டு. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தமிழர்களை நாம் குறிப்பிடுகிறோம். 1943-இல் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்தபின் பால்மரக் காட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படையிற் சேர்ந்தனர். சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். 1945-இல் அப்படை கலைந்தபோது, பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து வந்து சேர்ந்திருந்தவர்கள் இந்தியாவுக்கு விசாரணைக்கு அனுப்பப்பட்டனர். தோட்டத்திலிருந்து வந்தவர்களோ சீருடையைக் கழற்றிவிட்டுத் தோட்டத்துக்கே போயினர். அவர்களுக்கு 56 நாள் ஓய்வு இல்லை, உடை இல்லை, கைப்பணம் இல்லை. பழைய கங்காணி, பழைய லயம், பழைய கள்ளுக்கடை ஆகியவையே அவர்களை வரவேற்றன.

ஆனால் திரும்பியவர்கள் பழைய மனிதர்கள் அல்லர் என்பதே நாம் கவனிக்கவேண்டியது. நிமிர்ந்து நிற்கக் கற்றவனை மீண்டும் குனியவைப்பது எளிதன்று. 1946-47-இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை என்னும் அமைப்புத் தோன்றியது. அணிவகுத்து நடக்கும் பயிற்சியை அது தோட்டத்திலேயே நடத்தியது. கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிப் போராடியது. கூலி உயர்வு கேட்டது. பட்டாளக் கட்டுப்பாடு தோட்டத்து மானமாக மாறியதை அங்கே காண்கிறோம். சர்க்கார் அதைப் போலீஸ் கொண்டு அடக்கியது. 1946-இல் ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியன் காங்கிரஸ் தோன்றியபோது, அதை நிறுவியவர்களில் ஜான்சி ராணிப் படையின் ஜானகியும் ஒருவர். சர்க்கார் செய்யத் தவறிய மறுவாழ்வைச் சிலர் தாமே தேடிக்கொண்டனர். எல்லோராலும் அது இயலவில்லை. மிகப் பலர் பெயரும் எழுதப்படாமல் மரஞ்சீவி மறைந்தனர்.

இவ்வரலாற்றை இன்று நாம் எண்ணிப்பார்க்கக் காரணம் உண்டு. 2022 ஜூனில் இந்திய அரசு அறிவித்த அக்னிபத் திட்டத்தின்படி, படையிற் சேரும் இளைஞரில் 25 சதவீதம் வரையே நான்காண்டுக்குப் பின் நிலையாக வைத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் ஏறக்குறைய 11.71 இலட்சம் ரூபாயுடன் இருபது வயதுகளிலேயே வெளியேறுவர். முற்காலச் சிப்பாய் முதுமையின் வாயிலில் கேட்ட கேள்வியை இவ்விளைஞர் வாழ்வின் வாயிலிலேயே கேட்க நேரும். பணம் ஒரு துணை, தொழிலாகாது. மலேசியாவில் பெர்ஹெபாட் என்னும் நிறுவனம் வீரர் படையை விடுமுன்னரே அவர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கிறது. முறை சரியானது. சீருடை கழற்றியபின் கற்பிக்கத் தொடங்குவது வெள்ளம் வந்தபின் அணைபோடுவதாகும்.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. விடுபடும் நாளைச் சேரும் நாளிலேயே சொல்லுங்கள். சொன்ன நாளை மாற்ற நேர்ந்தால் காரணத்தையும் சொல்லுங்கள். விடுபடுமுன் உள்ள கடைசி ஆண்டில் துப்பாக்கியோடு ஒரு தொழிலையும் கையிற் கொடுங்கள். சீட்டு உள்ளவனுக்கு மட்டுமன்றி, சீட்டில்லாமல் உழைத்தவனுக்கும் கணக்கில் ஓரிடம் கொடுங்கள். மெர்சிங்கில் முள்வேலி கட்டியவனும், மூவாரில் பணிய மறுத்தவனும், பால்மரத்தடியிலிருந்து போய்ப் பால்மரத்தடிக்கே திரும்பியவனும் கேட்டது பதக்கமன்று. வீட்டு வாயிலை அடைந்த மறுநாள் காலையில் போவதற்கு ஓர் இடம் வேண்டும் என்றே கேட்டனர். அந்த இடத்தை அமைத்துக் கொடுக்காத நாட்டுக்கு, அடுத்த முறை முரசறைந்து ஆள் கூப்பிட என்ன உரிமை இருக்கிறது?